நம்ம பெண்ணையாறு



டான்யூப் ஆறு கருங்காட்டில் பிறந்து பத்து நாடுகளைக் கடந்து கருங்கடலில் சேர்கிறது என்று ஒப்பித்தீர்களே, நினைவிருக்கிறதா? இன்று நம்ம ஆற்றைப் பார்ப்போம். (திண்டிவனத்துப் பிள்ளைகள் "எங்க ஆறு சங்கராபரணி ஐயா" என்று சண்டைக்கு வரவேண்டாம். அது தனிப் பதிவு.)

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர், விழுப்புரம் வழியாக ஏறக்குறைய 400 கி.மீ. ஓடி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

திருக்கோவிலூரில் ஆற்றின் நடுவே ஒரு பாறை, அதன்மேல் சிறு கோயில். அதுதான் கபிலர் குன்று. நண்பன் பாரி இறந்தபின், அவன் மகளிருக்கு வாழ்வு தேடிக் கொடுத்துவிட்டு, கபிலர் உயிர்விட்ட இடம் என்பார்கள். வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பது இலக்கிய மரபு. அதே ஊர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டோ தீப்புகுந்தார் என்கிறது. இராசராசனின் தாய் வானவன் மாதேவி இந்த மலையமான் குலத்துப் பெண். கல்வெட்டு அவரையும் பாடுகிறது. சோழனின் தாய்வழி ஊரில் ஒரு புலவனை மறக்காமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தி, எந்த முறையில் இறந்தார் என்பதல்ல.

இன்றைய நிலை? ஆண்டில் பல மாதம் மணல்தான் ஆறு. அந்த மணலுக்குள் நிற்கும் நீர்தான் நம் கிணறுகளுக்கு ஊறுகிறது. மணலை அள்ளினால் கிணறும் இறங்கும். தளவானூரில் 2020-இல் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை சில மாதங்களில், 2021 ஜனவரியில், உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் போனது. அதுவாவது எழுபது வருடம் உழைத்த அணை. 2024 டிசம்பர் 2, ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அரசூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கியது. ஆறு பழைய வழியை மறக்கவில்லை, நாம்தான் அதில் வீடு கட்டியிருந்தோம்.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டார சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு இறங்கும். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் பேரப்பிள்ளைகளை அழைத்து வாருங்கள். சுருளிக்கிழங்கு வாங்க மறக்காதீர்கள்.