மஸ்தகாபிஷேகம்

கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவில் சமணத் துறவி பாகுபலியின் சிலைக்கு 12 ஆண்டுக்கொருமுறை நடக்கும் மஸ்தகாபிஷேகத்தைச் சிலர் ‘மஸ்தாபிஷேகம்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். ககரம் விழுந்தால் தலையே போச்சு. மஸ்தகம் என்றால் தலை. நமக்கும் பழகிய சொல்தான்: ‘மத்தகம்’ என்று தமிழுக்கு வந்து, இன்று யானையின் நெற்றியோடு நின்றுவிட்டது. அபிஷேகம் என்பது மேலே தெளித்தல், ஊற்றுதல். அரசனைப் புனித நீராட்டி அரியணையேற்றும் சடங்குக்கும் அதுவே பெயர். பட்டாபிஷேகத்தில் அந்தப் பழம்பொருள் இன்னும் இருக்கிறது. அண்ணன் பரதனை வென்ற கையோடு அரசைத் துறந்து நின்ற பாகுபலிக்குப் போய் இந்தச் சொல் வாய்த்ததை நான் ரசிக்கிறேன். கங்க அமைச்சர் சாமுண்டராயர் 10ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சிலை ஏறத்தாழ 57 அடி உயரம். அன்றாட அபிஷேகம் பாதத்துக்குத்தான். 2018இல் நடந்ததுபோல் பெருவிழா வந்தால் சாரம் கட்டி மேலேறி, கலசநீர், பால், இளநீர், கரும்புச்சாறு, மஞ்சள், சந்தனம் என்று உச்சியிலிருந்து ஊற்றுவார்கள். ஆகவே பெயரிலுள்ள ‘தலை’ வெறும் அலங்காரமல்ல. தமிழில் என்ன சொல்லலாம்? ‘தலைமுழுக்கு’ என்றால் உறவை முறித்துக்கொண்டதாகிவிடும் (துறவிக்கு அது பொருந்தாது என்றும் சொல்வதற்கில்லை!). ‘திருமஞ்சனம்’ அழகுதான், ஆனால் அதுவும் வடசொல் வழி வந்தது, தலையும் அதில் இல்லை. என் ஓட்டு ‘முடிமுழுக்கு’க்கு: முடி என்பது உச்சியும் ஆகும், மகுடமும் ஆகும்.