பிள்ளைகளை சாரணர் இயக்கத்தில் சேர்ப்பது எப்படி? பெற்றோருக்கு என்ன வேலை? - முழு விவரம்

பள்ளி திறந்த சில நாட்களில் பல வீடுகளுக்கு ஒரு துண்டுத்தாள் வரும். ‘சாரணர் இயக்கத்தில் சேர விருப்பம் உள்ளவர்கள் பெற்றோர் கையெழுத்துடன் வரவும்.’ பிள்ளை ஆசையாக நீட்டும், நாமும் அவசரத்தில் கையெழுத்து போட்டு அனுப்பிவிடுவோம். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல்.

டியூஷன், கராத்தே கிளாஸ் மாதிரி பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வருகிற விஷயம் இல்லை இது. குழுவை நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். எனவே, குழு எந்த அளவுக்கு நன்றாக நடக்கும், எந்த அளவுக்குப் பாதுகாப்பாக நடக்கும் என்பதில் பெற்றோரின் பங்கு பெரியது. சாரணர் இயக்கம் என்றால் என்ன? எங்கே சேர்வது? சேரும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாரணர் இயக்கம் என்றால் என்ன?

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக இருந்த பேடன் பவல், 1907-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார். பணக்கார வீட்டுப் பையன்களும், உழைக்கும் குடும்பத்துப் பையன்களும் ஒரே கூடாரத்தில் தங்கினார்கள். அதுதான் தொடக்கம்.

இந்தியாவுக்கு இந்த இயக்கம் 1909-ல் பெங்களூருவில் வந்தது. ஆனால் ஆரம்பத்தில் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அனுமதி. நம்ம பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட், அருண்டேலுடன் சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்கான சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். இப்படித் தனித்தனியாக இயங்கிய அமைப்புகள் 1950-ம் ஆண்டு நவம்பர் 7-ம் தேதி ஒன்றாக இணைந்தன. அதுதான் இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கம். பெண் பிள்ளைகளுக்கான சாரணியர் அமைப்பு அடுத்த ஆண்டு இதில் இணைந்தது. இயக்கத்தின் வைர விழா ஜம்போரி 2025 ஜனவரி இறுதியில் திருச்சி மாவட்டம் மணப்பாறையில்தான் நடந்தது.

சரி, அப்போ என்.சி.சி.யும் இதுவும் ஒண்ணா?

இல்லை. என்.சி.சி. மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. ராணுவப் பயிற்சி முறையைச் சார்ந்தது. சாரணர் இயக்கம் கட்சி, மதச் சார்பு இல்லாத தன்னார்வக் கல்வி இயக்கம். இங்கே அணிவகுப்பு உண்டு, ஆயுதப் பயிற்சி கிடையாது. எந்த சாதி, எந்த மதப் பிள்ளையும் சேரலாம். உறுதிமொழியில் ‘கடவுள்’ என்று சொல்ல விரும்பாதவர்கள் ‘தர்மம்’ என்று சொல்லலாம் என்று விதியே இருக்கிறது.

எந்த வயதில் எந்தப் பிரிவு?

* 5 முதல் 10 வயது வரை: ஆண் பிள்ளைகளுக்குக் குருளையர், பெண் பிள்ளைகளுக்கு நீலப் பறவையர். ஆங்கிலத்தில் கப், புல்புல் என்பார்கள்.
* 10 முதல் 17 வயது வரை: சாரணர், சாரணியர். ஸ்கவுட், கைடு என்று பள்ளிகளில் அழைக்கப்படுவது இந்தப் பிரிவுதான்.
* அடுத்த கட்டமாக 25 வயது வரை: திரிசாரணர், திரிசாரணியர். அதாவது ரோவர், ரேஞ்சர்.

மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு ‘பன்னி’ என்ற பிரிவும் உண்டு. ஆக, ஒரே வீட்டில் மூன்றாம் வகுப்பு படிக்கிற தங்கை, எட்டாம் வகுப்பு அண்ணன், கல்லூரி போகிற அக்கா என மூன்று பேருமே இயக்கத்தில் இருக்கலாம். 25 வயதைத் தாண்டியவர்களுக்கு? பெற்றோர் பயிற்சி பெற்று குழுவின் ஆசிரியராகவோ, உதவியாளராகவோ சேரலாம். குடும்பமாகச் சேர முடியும் என்பதன் பொருள் இதுதான்.

எங்கே போய் சேர்வது?

தமிழ்நாட்டில் பெரும்பாலான குழுக்கள் பள்ளிகளில்தான் நடக்கின்றன. எனவே முதல் படி, பிள்ளை படிக்கும் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்பது. ‘நம்ம பள்ளியில் சாரணர் படை இருக்கா சார்? பொறுப்பு ஆசிரியர் யாரு?’ இந்த இரண்டு கேள்வி போதும்.

பள்ளியில் இல்லை என்றால் இரண்டாவது வழி, திறந்தநிலைக் குழுக்கள். ஒரு பகுதியைச் சேர்ந்த பிள்ளைகள், எந்தப் பள்ளியில் படித்தாலும், சேரக்கூடிய குழு இது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் இருக்கிறதா என்பதை மாவட்டச் சாரணர் சங்கச் செயலாளரிடம் கேட்கலாம். அவரைத் தொடர்பு கொள்ளும் வழி தெரியாவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

அதுவும் இல்லையா? பெற்றோர் நாலு பேர் சேர்ந்து புதிய குழுவே தொடங்கலாம். மாவட்டச் சங்கத்தின் அனுமதி, பயிற்சி பெற்ற அல்லது பயிற்சிக்குப் போகத் தயாரான பெரியவர்கள், வாரம் ஒருமுறை கூட ஒரு மைதானமோ சமுதாயக் கூடமோ, கூட்டங்களை முடிவு செய்யும் ஒரு குழுக் கமிட்டி. இவ்வளவும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஒரு குருளையர் குழுவில் அதிகபட்சம் 24 பேர், ஒரு சாரணர் படையில் 32 பேர்தான் இருக்கலாம் என்பதால் பெரிய கூட்டம் தேவையில்லை.

வாராவாரம் என்ன நடக்கும்?

சாரணர் படை 6 முதல் 8 பேர் கொண்ட அணிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு அணிக்கும் பிள்ளைகளிலேயே ஒருவர் தலைவர். பெரியவர் சொல்லிக் கொடுத்து சின்னவர் கேட்பது மட்டும் இல்லை, பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இங்கே முறை. கொடியேற்றம், உடற்பயிற்சி, விளையாட்டு, ஒரு புதுப் பயிற்சி, பாட்டு என்று கூட்டம் போகும்.

பயிற்சி என்றால்? கயிற்றில் முடிச்சு போடுவது, முதலுதவி, திசைகாட்டி பார்ப்பது, வரைபடம் படிப்பது, கூடாரம் கட்டுவது, விறகு அடுப்பில் சமைப்பது. சின்னப் பிள்ளைகளான குருளையருக்கு எல்லாமே கதையும் விளையாட்டும்தான். அவர்களின் தலைவரை ‘அகேலா’ என்று அழைப்பார்கள். ஜங்கிள் புக் கதையில் வரும் ஓநாய்க் கூட்டத் தலைவனின் பெயர் அது.

இதெல்லாம் கூட்டத்தோடு முடிவதில்லை. நாள்தோறும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்பது சாரணர்களுக்கு உள்ள எதிர்பார்ப்பு. அது பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கும். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுப்பது. ‘நீ போய் படி, நான் பார்த்துக்கறேன்’ என்று நாமே தடுத்துவிட்டால், மைதானத்தில் கற்றது அங்கேயே நின்றுவிடும்.

எவ்வளவு செலவாகும்?

ஆண்டுச் சந்தா, சீருடை, முகாம் செலவு. இந்த மூன்றுதான் முக்கியம். தொகை குழுவுக்குக் குழு மாறும் என்பதால், சேரும்போதே மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ரசீது வாங்குங்கள்.

முதல் நாளே சீருடை வாங்க ஓட வேண்டாம். புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் உறுதிமொழி, சாரணர் சட்டம், அடிப்படைப் பயிற்சி ஆகியவற்றை முடிக்க வேண்டும். அதன்பிறகுதான் உறுதிமொழி ஏற்பு விழாவில் ஸ்கார்ஃபும் உறுப்பினர் பேட்ஜும் கிடைக்கும். அதற்குள் பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அண்ணன் போட்ட சீருடை தம்பிக்குப் பொருந்தினால் தாராளமாகப் போடலாம். சிக்கனமும் சாரணர் சட்டத்தில் ஒன்றுதான்.

பெற்றோருக்கு என்ன வேலை?

‘எனக்கு முடிச்சு கூடப் போடத் தெரியாதே’ என்று தயங்க வேண்டாம். குழுவுக்குத் தேவைப்படுவது பல நேரங்களில் சாதாரண உதவிதான்.

* நர்ஸாக இருக்கும் அம்மா ஒருநாள் கட்டு போடச் சொல்லித் தரலாம்.
* எலக்ட்ரீசியன் அப்பா ஃபியூஸ் மாற்றுவதைக் காட்டலாம்.
* சமையல் தெரிந்தவர்கள் முகாமில் ஒருவேளை உணவைப் பார்த்துக்கொள்ளலாம்.
* கணக்கு எழுதத் தெரிந்தவர் குழுவின் வரவு செலவைக் கவனிக்கலாம்.
* எதுவும் முடியாதவர்கள், மாதம் ஒரு கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கவனித்தாலே போதும்.

இன்னும் ஈடுபாடு இருந்தால் சாரணர் இயக்கத்தின் அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி முடித்து, இமாலய வுட் பேட்ஜ் வரை போகலாம். பொறுப்பு ஆசிரியர் பணிமாறுதலில் போனதும் குழுவே நின்றுபோவது பள்ளிகளில் பழகிய கதை. பயிற்சி பெற்ற பெற்றோர் இரண்டு பேர் இருந்தால் அந்தக் குழு தொடர்ந்து நடக்கும்.

முகாமுக்கு அனுப்பும் முன் கவனிக்க வேண்டியவை

இந்தப் பகுதியை மட்டும் தவறாமல் படியுங்கள். 2024 ஆகஸ்ட் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரில் முகாம் நடந்தது. அதில் தங்கியிருந்த சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்து தமிழ்நாடே அதிர்ந்தது. பிறகுதான் அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை என்பது வெளியில் வந்தது. சீருடையையும் பெயரையும் பார்த்து நம்பினால் போதாது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. எந்த அமைப்பின் முகாமாக இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

* முகாமுக்கு மாவட்டச் சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா? அந்தக் கடிதத்தைப் பார்க்கலாமா?
* பொறுப்பாளர்கள் யார் யார்? அவர்களின் பயிற்சிச் சான்றிதழ், அடையாள அட்டை எங்கே?
* பெண் பிள்ளைகளுடன் இரவு தங்கும் பெண் பொறுப்பாளர்கள் எத்தனை பேர்?
* பிள்ளைகளும் பெரியவர்களும் தனித்தனி இடத்தில்தான் தூங்குகிறார்களா?
* குளம், ஆறு, கடல் பக்கம் போகும் திட்டம் உண்டா? அங்கே நீச்சல் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்களா?
* அருகில் உள்ள மருத்துவமனை எது? பிள்ளையிடம் எப்போது பேசலாம்?

இப்படிக் கேட்டால் ஆசிரியர் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம். நல்ல பொறுப்பாளர் இதற்கெல்லாம் பதிலோடு தயாராக இருப்பார். ‘எங்க மேல நம்பிக்கை இல்லையா?’ என்று கோபப்பட்டால், அந்த முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாமல் இருப்பதே நல்லது.

பிள்ளையிடமும் பேசுங்கள். எந்தப் பெரியவரும் தனியாக அறைக்குக் கூப்பிட்டால் போக வேண்டாம், ‘வீட்டில் சொல்லாதே’ என்று யார் சொன்னாலும் அதை முதலில் வீட்டில்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். பிரச்சனை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். 18 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் வித்தியாசமின்றி, 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும்.

விருது, வேலைவாய்ப்பு உண்டா?

சாரணர், சாரணியர் பிரிவில் படிப்படியான தேர்வுகள் உண்டு. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான். அதன்பிறகு ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்கார், கடைசியாகக் குடியரசுத் தலைவர் விருது. ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் சேர்ந்து உடனே விருது வாங்கிவிட முடியாது.

ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலை உண்டு என்பது உண்மைதான். ஆனால் பணியிடங்கள் மிகக் குறைவு. குடியரசுத் தலைவர் விருது அல்லது இமாலய வுட் பேட்ஜ் பெற்றிருக்க வேண்டும், இயக்கத்தில் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் செயல்பட்டிருக்க வேண்டும். எனவே ‘சேர்ந்தா ரயில்வே வேலை கன்ஃபார்ம்’ என்று யாராவது பணம் கேட்டால், அது மோசடி.

பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா?

கட்டாயப்படுத்த வேண்டாம். இது தன்னார்வ இயக்கம், விலகுவதற்கும் உரிமை உண்டு. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று நிதானமாகக் கேளுங்கள். வெயிலில் நிற்பது கஷ்டமாக இருக்கலாம், அணியில் யாராவது கேலி செய்யலாம், அல்லது சொல்லத் தயங்கும் வேறு காரணம் இருக்கலாம். முதல் இரண்டையும் பொறுப்பாசிரியரிடம் பேசியே சரிசெய்யலாம். மூன்றாவதற்கு, பிள்ளை சொல்வதை முதலில் நம்ப வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

அடுத்த முறை துண்டுத்தாள் வந்தால், கையெழுத்து போடும் முன் ஒரு கூட்டத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடுகிறார்களா, பொறுப்பாளர் பெயர் சொல்லி அழைக்கிறாரா, திட்டும்போது எப்படித் திட்டுகிறார், மற்ற பெற்றோர் வந்து போகிறார்களா என்று கவனியுங்கள். மனசுக்குச் சரி என்று பட்டால் பிள்ளையைச் சேருங்கள். அப்படியே பொறுப்பாசிரியரிடம், ‘நான் என்ன உதவி செய்யட்டும் சார்?’ என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.