கடலில் விடுமுன் ஒருமுறை வாசிப்போம்



பழைய வீடொன்றை உடைத்துக் கட்டும்போது பெட்டகத்திலிருந்து அரபு எழுத்திலான பழந்தாள்கள் வெளிவந்தால் நாம் என்ன செய்கிறோம்? காலில் மிதிபட்டுவிடும் என்று அஞ்சிக் கடலில் விடுகிறோம். அல்லது மண்ணில் புதைக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவற்றுள் அரபுத் தமிழும் இருக்கலாம். எழுத்து அரபு, மொழி எமது தமிழ். எமது மூத்தம்மாமார் ராகமிட்டுப் படித்த மாலைகளும் முனாஜாத்துகளும் அப்படி எழுதப்பட்டவைதாம்.

ஏடுகளைத் தேடி வாசிக்க ஒருவர் இல்லாதிருந்தால் சீறாப்புராணத்தின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்போம்.

கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளின்படி நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாட முன்வந்தார் உமறுப் புலவர். அரபு நூல்களிலுள்ள செய்திகளைப் பரங்கிப்பேட்டையில் லெப்பை அலி ஹாஜியார் அவருக்கு விளக்கிக் கொடுத்தார் என்பது செவிவழி வரலாறு. சீதக்காதியின் மறைவுக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். அவரைப் புலவர் நூலுக்குள்ளேயே போற்றுகிறார். மூன்று காண்டங்கள், 5,000க்கும் மேற்பட்ட பாடல்கள். இவ்வளவும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓலையில்தான் கிடந்தன.

1842இல் அதனை அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம். 'புதூகுஷ்ஷாம்' முதலிய காப்பியங்களைப் பாடியவரும் அவரே. 'புலவர் நாயகம்' என்று போற்றப்படுபவர்.

ஏட்டை வாசிக்கப் புலவர் எதற்கு? எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. 'கொடு', 'கோடு' இரண்டும் ஒரே தோற்றம். 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். இதற்குள் அரபுப் பெயர்களும் வரும். அரபியில் 'பே'யும் 'ஃபே'யும் வெவ்வேறு எழுத்துகள். தமிழ் ஏட்டில் இரண்டும் 'ப'தான். யாப்புத் தெரிந்தவருக்கு ஓசை தட்டும்போது பிழை புரியும். அரபு தெரிந்தவருக்குச் சரியான பெயர் புரியும். ஆலிமாகவும் புலவராகவும் இருந்த ஒருவரின் கையில் அந்த ஏடுகள் சேர்ந்தது எமது பாக்கியம், அல்ஹம்துலில்லாஹ்.

எமது நாட்டில் பாணந்துறை, ஹேனமுல்லையைச் சேர்ந்த பேராசிரியர் ம. மு. உவைஸ் அவர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுக்கே தம்மை அர்ப்பணித்தார். யாரோ காத்து வைத்த பழம் பிரதிகள் இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருக்காது.

ஆகவே ஊரவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழந்தாள்களைக் கடலில் விடுமுன் ஒருமுறை எம்மிடம் காட்டுங்கள். தாள் உங்களுடையதே, பக்கம் பக்கமாகப் படம் மட்டும் எடுத்துக்கொள்வோம். அரபுத் தமிழ் ஓதத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே வாசித்துக் கேட்போம். சிதைந்த குர்ஆன் பிரதியென்றால் வழக்கம்போலக் கண்ணியமாக அடக்குவோம். தமிழ்ப் பாட்டாக இருந்தால் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.