பட்டியலுக்கு வெளியே சத்திரங்கள்

திருத்தணி மலையேறுகிறவர்களில் பலர் கீழே இருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலை எட்டிப் பார்ப்பதில்லை. அபராஜித பல்லவன் காலத்தில் நம்பி அப்பி எடுப்பித்த சின்னக் கற்றளி. தூங்கானை மாட வடிவம். மன்னனே பாடியதாக ஒரு வெண்பாவும் கல்வெட்டில் உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், 2010 சட்டத்திருத்தப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. நல்லதுதான்.

பக்கத்தில் கனகம்மாசத்திரம். நடந்துபோனவர்களுக்குச் சோறும் திண்ணையும் தந்த மரபு ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட சத்திரங்களை எண்ணித்தான் எனக்குக் கவலை. 1958 சட்டம் 100 வயது கேட்கிறது. பலவற்றுக்கு அது உண்டு. ஆனால் தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அரசு அறிவிக்கவும் வேண்டுமே! "சத்திரந்தானே, இதுல என்ன இருக்கு?" என்பார்கள். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் இடிபடுவது திண்ணை.