ஆக்டோபஸ் உமிழ்நீர்ச் சுரப்பியின் நரம்புகள்

ஆக்டோபஸுக்கு இரண்டு இணை உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. வாய்த் தசைத்திரளை ஒட்டிய முன்னிணை சிறியது, சளி சுரப்பது. தலைக்குப் பின்னால் உணவுக்குழலருகே கிடக்கும் பின்னிணை பெரியது. நஞ்சையும் செரிமான நொதிகளையும் சுரப்பது. பின்சுரப்பிகளின் நாளங்கள் ஒன்றுகூடி, இரையை அராவும் நாக்கின் அருகே திறக்கின்றன. சிப்பியின் ஓட்டைத் துளைத்து உள்ளே நஞ்சு செலுத்தும் விலங்குக்கு அந்தச் சாறு உரிய நொடியில் வந்தாக வேண்டும். நரம்புகளின் பங்கு முக்கியமாவது இதனால்தான்.

1872-இல் ஆன்டன் டோர்ன் நிறுவிய நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையமே இத்துறையின் தாய்வீடு. அங்கு ஆய்ந்த ஐடா ஹைட், ஆக்டோபஸ் மேக்ரோபஸ் என்னும் இனத்தின் சுரப்பிகள் சாறு வெளியிடும் விதம் குறித்து 1897-இல் கட்டுரை வெளியிட்டார். பெண்களை ஆய்வுக்கூடங்கள் ஏற்கத் தயங்கிய காலம் அது. முந்தைய ஆண்டுதான் அவர் ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம் பெற்றிருந்தார்.

சுரப்பதை வெறுங்கண்ணால் காணலாம். நரம்பின் முனையைக் காண முடியாது. முதுகெலும்பிகளின் தடித்த நரம்பிழைகளுக்கு இருப்பதுபோல ஆக்டோபஸின் இழைகளுக்கு மயலின் உறை கிடையாது. மிக மெல்லிய இழைகள் பல கற்றையாகச் சேர்ந்து, தாங்கணுக்களால் போர்த்தப்பட்டுச் செல்கின்றன. சாதாரணச் சாயத்தில் இவை சுற்றியுள்ள திசுவோடு கலந்துவிடும். வெள்ளி உப்பால் நரம்பைக் கறுக்கச் செய்யும் முறை வந்த பின்னரே பாதை தெளிந்தது. நேப்பிள்ஸில் பல பத்தாண்டுகள் உழைத்த விலங்கியலாளர் ஜே. இசட். யங், வாய்ப்பகுதி சார்ந்த மூளை மடல்களையும் நரம்பணுத்திரள்களையும் விரிவாக வரைந்தார். ஆக்டோபஸின் நரம்பு மண்டலம் பற்றிய அவரது பெருநூல் 1971-இல் வந்தது.

இதற்கிடையே வேதியியல் முந்திக்கொண்டது. மருந்தியலாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர் ஆக்டோபஸின் பின்சுரப்பியில் ஆக்டோபமைன் என்னும் நரம்புத் தூதுப்பொருளைக் கண்டு, 1948-இல் அதற்குப் பெயரிட்டார். முயல்களின் குடலிலும் இச்சுரப்பியிலும் அவர் கண்டிருந்த என்டெரமைன், செரட்டோனினே என்பது 1952-இல் உறுதியானது.

நரம்பின் அமைப்பையும் வேதியியலையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி இணைத்தது. சுரப்பியின் நுண்குழல்களைத் தசையிழைகள் சூழ்ந்திருக்கின்றன. நரம்பு முனைகளுக்குள் தெளிந்த நுண்பைகளும் கருமையத்துடன் கூடிய நுண்பைகளும் தென்படுகின்றன. முனைகளில் ஒரே வகையான தூதுப்பொருள் மட்டும் இல்லை என்பதற்கு இது வலுவான குறிப்பு. சாற்றை உண்டாக்குவதும் அதைப் பிழிந்து வெளியேற்றுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டுக்கும் நரம்பு வேண்டும்.

நீலவளைய ஆக்டோபஸில் சிக்கல் இன்னொரு படி கூடுகிறது. அதன் பின்சுரப்பி நஞ்சு டெட்ரோடோடாக்சின் என்று 1978-இல் தெரிந்தது. நரம்பின் சோடியம் வாயில்களை அடைக்கும் நஞ்சு அது; சுரப்பியை இயக்கும் நரம்புகளையே அது முடக்கிவிடலாமே. அந்த விலங்கின் வாயில்களிலோ அமினோ அமிலங்கள் சில மாறியிருப்பதால் நஞ்சு அவற்றை எளிதில் பற்றுவதில்லை.