பாதிரியாரும் படக்கலையும்

சென்ற மாதம் உத்தனப்பள்ளியில் என்னைத் தேடி ஒரு வாலிபர் வந்தார். ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருபவர்.

"ஐயா, பிள்ளைகளுக்குச் சினிமா எடுக்கக் கற்றுத்தரப் போகிறேன். எந்த வேதக் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார்.

நான் கதை சொல்லவில்லை, சரித்திரம் சொன்னேன்.

தமிழ்நாட்டில் சினிமாவும் இயேசுநாதரும் சேர்ந்தே ஊர் சுற்றியிருக்கிறார்கள். 1905-ல் ரயில்வே குமாஸ்தாவாயிருந்த கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் இயந்திரத்தை வாங்கினார். கூடவே கிடைத்த சுருள்களில் கிறிஸ்துவின் சரிதமும் ஒன்று. கூடாரம் அடித்து ஊர் ஊராய்க் காட்டினார். ஜனங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

திருச்சபைக்கோ சினிமாவிடம் அச்சம். 1936-ல் போப்பாண்டவர் பதினோராம் பயஸ் விடுத்த மடலில் எச்சரிக்கையே மேலோங்கி நின்றது. 1957-ல் பன்னிரண்டாம் பயஸ், பார்க்கிறவனுக்கும் பயிற்சி வேண்டும் என்றார். இந்த மாறுதலுக்குக் கல்கத்தாவில் உருக்கொடுத்தவர் காஸ்டன் ரோபெர்ஜ் என்ற இயேசு சபைத் துறவி.

கனடாவில் 1935-ல் பிறந்தவர். 1961-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, வழியில் நியூயார்க்கில் சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்தார். ஏழைப் பிராமணக் குடும்பத்தின் கதை அது. அதில் பைபிள் இல்லை. ஆனாலும் அந்தப் படங்கள் அவரை விடவில்லை. 1970-ல் 'சித்ரபாணி' என்ற நிலையத்தைத் தொடங்கினார். ராயின் ஆதரவும் கிடைத்தது. அங்கே புகைப்படம், வானொலி, சினிமா மூன்றிலும் பயிற்சி தந்தார்கள். 1986-ல் புனித சவேரியார் கல்லூரியில் கல்விப் படங்களுக்கான மையத்தையும் அவர் நிறுவினார். 2020-ல் கல்கத்தாவிலேயே காலமானார். மதம் மாற்றுவதற்கான படப்பட்டறை அல்ல அவர் நடத்தியது. கண்ணைத் திறக்கும் பள்ளிக்கூடம்.

"அப்படியானால் வேதம் எங்கே, ஐயா?" என்றார் வாலிபர். குரலில் சற்றே வருத்தம்.

"நல்ல சமாரியன் கதையை நினைத்துப் பாரும். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் பார்த்தான், லேவியனும் பார்த்தான். பார்த்துவிட்டு விலகிப் போனார்கள். சமாரியன் மட்டுமே நின்று பார்த்தான். பிள்ளைகளுக்கு அந்த நிற்கிற பார்வையைக் கற்றுக்கொடும். தாடி ஒட்டி, அங்கி மாட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. எழுந்தபோது, "எங்கள் பஸ் நிறுத்தத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நிற்பார்கள். அங்கிருந்தே தொடங்கட்டுமா?" என்று கேட்டார்.

தொடங்கச் சொன்னேன்.