கண்ணுக்குப் புலப்படாத விழுப்புண்

களத்திலே மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றியவர்கள் நம் முன்னோர்கள். பட்டு வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதிற் பொறித்து வழிபட்டார்கள். இன்னான் இன்ன இடத்தில் நின்றான், இன்னது செய்தான் என்று ஊரார் கூடிச் சான்று பகர்வதே அக்கல்லின் பொருளாகும். சென்ற நூற்றாண்டிலோ, பகைவனைக் காணாமலே, தம் சொந்த நாட்டின் ஆயுதத்தின் முன் நிறுத்தப்பட்டு, கண்ணுக்குப் புலப்படாத புண்ணை ஏற்ற வீரர்கள் இருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்துக்குச் சான்று பகர நெடுங்காலம் எவரும் முன்வரவில்லை. அவர்தம் வரலாற்றை இவ்வாண்டு மலர் வாயிலாகச் சங்க அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

1945-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்ததை யாவரும் அறிவர். உலகப் போர் அத்துடன் முடிந்தது, சோதனைகள் முடியவில்லை. அணுகுண்டு வெடித்த களத்தில் படைகள் முன்னேற இயலுமா, கப்பல்கள் தாங்குமா, சிப்பாய்களின் மனம் கலங்காதிருக்குமா என்பவற்றை வல்லரசுகள் அறிய விரும்பின. அதற்காக மனிதர்களையே களத்தில் நிறுத்தின. 1962 வரை வான்வெளியிலும் கடலிலும் அமெரிக்கா மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட குண்டுகளை வெடித்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் அச்சோதனைகளில் பங்கு கொண்டனர்.

பசிபிக் பெருங்கடலில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் 1946 ஜூலையில் இரு சோதனைகள் நிகழ்ந்தன. அத்தீவின் குடிகள் 167 பேரும் முன்னதாகவே வேறு தீவுக்கு அகற்றப்பட்டனர். இலக்காக நிறுத்தப்பட்ட கப்பல்கள் தொண்ணூற்றுக்கும் மேல். பணிக்கு வந்தோர் ஏறக்குறைய 42,000 பேர். ஜூலை 25-ஆம் நாள் நீருக்கடியில் வெடித்த குண்டு கடல் நீரைத் தூண்போல் உயர்த்தியது. அந்நீர் கதிரியக்க நஞ்சுடன் கப்பல்களின்மேல் பொழிந்தது. நஞ்சைப் போக்கும் பொருட்டு மாலுமிகள் கப்பல் தளங்களில் ஏறித் தேய்த்துக் கழுவினார்கள். எவ்வளவு தேய்த்தும் நஞ்சு நீங்கவில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருந்த டாக்டர் ஸ்டாபோர்டு வாரன் எச்சரித்து வலியுறுத்திய பின்னரே, ஆகஸ்டு 10-ஆம் நாள் அவ்வேலை நிறுத்தப்பட்டது. மூன்றாவதாகத் திட்டமிட்டிருந்த சோதனையும் கைவிடப்பட்டது.

1951 முதல் நெவாடா மாநிலத்துப் பாலைநிலம் சோதனைக் களமாயிற்று. லாஸ் வேகாஸ் நகருக்கு ஏறத்தாழ 65 மைல் தொலைவிலுள்ள அவ்விடத்தில் 'டெஸர்ட் ராக்' என்னும் போர் ஒத்திகைகள் 1957 வரை நடைபெற்றன. குண்டு வெடிக்கும் இடத்திலிருந்து சில ஆயிரம் கஜ தூரத்தில் வெட்டிய பதுங்கு குழிகளில் சிப்பாய்கள் குந்தியிருந்தனர். கண்களை இறுக மூடிக் கையால் மறைத்திருந்தும், அப்பேரொளியில் தம் கைவிரல் எலும்புகளைக் கண்டதாகப் பலர் பின்னாளில் கூறியிருக்கின்றனர். வெடித்து முடிந்ததும், எழுந்து அவ்விடத்தை நோக்கி நடக்குமாறு கட்டளை பிறந்தது. நடந்தார்கள். திரும்பியபின் உடைமேற் படிந்த தூசியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டார்கள்.

பிரிட்டன் 1952 அக்டோபர் 3-ஆம் நாள் ஆஸ்திரேலியாவைச் சார்ந்த மாண்டிபெல்லோ தீவுகளில் தன் முதற் குண்டை வெடித்தது. பின்னர் ஆஸ்திரேலியப் பாலைவனத்து மாரலிங்காவிலும், பசிபிக் கடலின் கிறிஸ்துமஸ் தீவிலும் சோதனைகள் தொடர்ந்தன. சுமார் 22,000 பிரிட்டிஷ் படையினரோடு ஆஸ்திரேலியரும் நியூஜிலாந்தினரும் பிஜித் தீவினரும் பணி புரிந்தனர். கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள் அவர்களுள் பலர். கிறிஸ்துமஸ் தீவில் அவர்கள் குண்டுக்கு முதுகைக் காட்டி வரிசையாக அமர்த்தப்பட்டனர். புறப்புண்ணுக்கு நாணுவது வீரர் மரபு. இவர்களோ முதுகு காட்டுமாறு கட்டளையிடப்பட்ட வீரர்கள். சோவியத் நாட்டிலும் 1954 செப்டம்பர் 14-ஆம் நாள், டோட்ஸ்கோயே என்னுமிடத்தில், மார்ஷல் ஜுகோவின் மேற்பார்வையில், ஏறக்குறைய 45,000 வீரர்களைக் கொண்டு இத்தகைய ஒத்திகை நடந்தது.

நிற்க. கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அது உடலின் நுண்ணிய அணுக்களுள் புகுந்து சிதைவை உண்டாக்குகிறது. மூச்சின் வழியும் உணவின் வழியும் உட்சென்ற தூசி நெடுநாள் உள்ளேயே தங்குவதும் உண்டு. அதனால் விளையும் புற்றுநோய் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டக்கூடும். அவ்வாறு வரும் நோய் எதனால் வந்தது என்பதை அதன் முகத்தைப் பார்த்துக் கூற இயலாது. ஆராய்ச்சிகளும் ஒரே முடிவைத் தந்துவிடவில்லை. எனினும் 1957 ஆகஸ்டில் நெவாடாவில் நிகழ்ந்த 'ஸ்மோக்கி' என்னும் சோதனையிற் பங்கு கொண்ட ஏறத்தாழ 3,200 பேரைப்பற்றி 1980-இல் வெளியான ஆய்வு, 9 பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது என்றும், இயல்பாக எதிர்பார்க்கத்தக்க எண் 3.5 மட்டுமே என்றும் கூறிற்று. நியூஜிலாந்துக் கடற்படை வீரர் ஐம்பதின்மரிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மரபுக்கூறுகளின் ஒருவகைச் சிதைவு ஏனையோரினும் ஏறத்தாழ மும்மடங்கு காணப்பட்டது.

நோய் கண்டவர்கள் அரசாங்கத்தை நாடிச் சென்றபொழுது என்ன நேர்ந்தது? சோதனை பற்றி எவரிடமும் வாய் திறவோம் என்று முன்னரே அவர்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டிருந்தது. ஆதலின் மனைவியிடமும் மருத்துவரிடமும் கூடச் சொல்ல அஞ்சினவர் பலர். கதிர்வீச்சின் அளவைக் காட்டும் பிலிம் பாட்ஜ் எல்லாருக்கும் அளிக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, 1973 ஜூலை 12-ஆம் நாள் செயிண்ட் லூயிஸ் நகரிலிருந்த ராணுவ ஆவணக் காப்பகத்தில் தீ மூண்டு, 1912 முதல் 1960 வரை தரைப்படையினின்று விலகியோரின் ஏடுகளில் நூற்றுக்கு எண்பது சாம்பலாயின. நெவாடாவில் நின்றவர்களுள் பலருடைய ஏடுகளும் அக்காலத்தைச் சேர்ந்தவையே.

ரயில்வே அலுவலகத்தில் சர்வீஸ் ரிஜிஸ்தர்களோடு காலங் கழிக்கும் நம்மனோர்க்கு இதன் கொடுமை நன்கு விளங்கும். முப்பது ஆண்டுகள் உழைத்தவனாயினும், ரிஜிஸ்தரில் ஒரு வரி இல்லையெனில் அவன் உழைக்காதவனாகவே கருதப்படுவான். அவன் விதவை பென்ஷனுக்கு வந்து நிற்கும்பொழுது, அந்த ஒரு வரியே அவளுக்குச் சோறு. அவ்வரியை ஒழுங்காக எழுதாதவர்கள், எழுதியதை மறைத்தவர்கள், பின்னர் சான்று எங்கே என்று அந்த வீரர்களையே கேட்டார்கள்.

ஆயினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1958-இல் எனிவெடாக் பவளத்தீவுச் சோதனைகளின்போது பணியாற்றிய ஆர்வில் கெல்லி என்பவர், புற்றுநோயுடன் போராடிக்கொண்டே 1979-இல் அமெரிக்க அணுச் சோதனை வீரர்களின் சங்கத்தைத் தம் மனைவியுடன் நிறுவினார். மறு ஆண்டே காலமானார். பிரிட்டனில் 1983-இல் இத்தகைய சங்கம் தோன்றியது. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பதின்மூன்று வகைப் புற்றுநோய்களைக் குறித்து, சோதனையில் பங்கு கொண்டவருக்கு அந்நோய் வந்தால் கதிர்வீச்சே காரணமெனக் கொள்க என விதித்தது. வாய்ப்பூட்டு 1996-இல்தான் சட்டப்படி நீக்கப்பட்டது. பிரிட்டனிலோ வீரர்களின் வழக்கு காலங் கடந்தது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் எழுவருள் நால்வர் ஒருபுறம், மூவர் மறுபுறம். சின்னஞ்சிறு பிஜி நாடு 2015-இல் பிரிட்டனை எதிர்பாராமல் தன் கருவூலத்திலிருந்தே தன் வீரர்களுக்கு உதவித் தொகை வழங்கிற்று.

பதக்கங்களும் காலந்தாழ்ந்தே வந்தன. நியூஜிலாந்து 2002-இல் தன் வீரர்களுக்குப் பதக்கம் அமைத்தது. அமெரிக்கா 2021 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் வழியே நினைவுப் பதக்கம் அமைத்தது. பிரிட்டன் 2022 நவம்பர் 21-ஆம் நாள், தன் முதற் சோதனைக்கு எழுபது ஆண்டுகள் கழித்து, பதக்கத்தை அறிவித்தது. இருபது வயதில் மணலில் அமர்ந்தவர் எண்பதைக் கடந்தபின் பெற்ற பதக்கம் அது. அவருடன் அமர்ந்தவர்களுள் பலருக்காக அவர்தம் மக்களும் பேரப்பிள்ளைகளுமே கைநீட்டிப் பெற்றனர்.

இச்சோதனைகளை எதிர்த்து நம் நாடும் குரல் கொடுத்தது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1954 மார்ச்சு முதல் நாள் பிகினியில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீனவர்மேல் வீழ்ந்தது. அடுத்த மாதமே பிரதமர் நேரு, சோதனைகளை நிறுத்தி வைக்க வல்லரசுகள் உடன்பட வேண்டும் எனப் பாராளுமன்றத்தில் கூறினார். 1962-இல் மூதறிஞர் ராஜாஜி, எண்பத்து மூன்று வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக் குழுவோடு அமெரிக்கா சென்று, ஜனாதிபதி கென்னடியிடம் இதே கோரிக்கையை நேரில் வைத்தார். 1963 ஆகஸ்டில் வான்வெளி, நீரடிச் சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தாயிற்று. இந்தியாவும் அவ்வாண்டே அதில் ஒப்பமிட்டது.

அணுகுண்டு வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் உளர். அவ்வாதம் எவ்வாறாயினும், கட்டளைக்குப் பணிந்து நின்றவனுக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்றே. அவனிடம் அபாயத்தை முன்னரே கூறுதல், அவன் நின்ற இடத்தையும் ஏற்ற அளவையும் ஏட்டில் எழுதுதல், அவ்வேட்டை அவன் கேட்கும் நாளில் மறைக்காமல் அவன் கையிற் கொடுத்தல் ஆகிய இம்மூன்றும் செய்யாத அரசு பின்னர் அணிவிக்கும் பதக்கம் பாதி மரியாதையே. மூன்றையும் செய்த அரசின் வீரன், பதக்கமே பெறாவிடினும் தலைநிமிர்ந்து இருப்பான். அந்த வீரர்களுள் இன்றும் எஞ்சியிருப்போர் சிலரே. அவர்கள் கண்மூடுமுன் அவர்தம் ஏடுகள் யாவும் திறக்கப்படுவதாக!